பெஞ்ச் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி டேப் எடுங்க

செமஸ்டர் லீவு வந்தாலே நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒரு லிங்க் போடுவாங்க. 50 கிலோ ஹோம் ஜிம் காம்போ, மல்டி பெஞ்சோட, பாதி விலை. கீழே நாலு பேர் ஃபயர் எமோஜி. இந்த முறை ஆர்டர் போடப் போறது நீங்கன்னா, ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்தி இதைப் படிச்சிடுங்க. நான் அதை வாங்கியவன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நம்ம ஊர் வாடகை வீட்டுக்கு பெஞ்சும் வேண்டாம், அஞ்சடி ராடும் வேண்டாம். பிளேட் கழற்றி மாட்டுற டம்பெல் ராடு ஒரு ஜோடி, இரும்பு பிளேட் கொஞ்சம், ரெசிஸ்டன்ஸ் பேண்டு ரெண்டு, ஒரு பாய். போதும்.

திண்டிவனத்தில் எங்க வீட்டு ஹால் பத்துக்குப் பதினொன்று. அதில் பீரோ, கட்டில், டிவி, அம்மாவோட தையல் மெஷின். பெஞ்ச் நாலடிதானேன்னு கணக்குப் போட்டேன். ராடு அஞ்சடி. அதோட ரெண்டு பக்கமும் நின்று பிளேட் மாட்ட ஆளுக்கு இடம் வேணும். அது சேர்ந்தா எட்டடி. இன்ஜினியரிங் டிராயிங்கில் நல்ல மார்க் வாங்கினவனுக்கு இது தோணலை. பெஞ்ச் வந்த இடம், பிளஸ் டூ படிச்சிட்டிருந்த என் தங்கச்சி புத்தகம் விரிக்கிற இடம். அவள் ஒரு வார்த்தை சொல்லாம சமையல்கட்டுத் தரைக்குப் போயிட்டாள். விழுப்புரத்தில் இருந்து பஸ்ஸில் நின்னுகிட்டே வந்து, விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி வீடு சேர ஏழு மணி ஆகும். வந்ததும் எனக்கு பெஞ்சுதான் கண்ணுக்குத் தெரிஞ்சது. மூணு வாரம் கழிச்சு ஒருநாள் தண்ணி குடிக்க உள்ளே போனப்பதான், அடுப்புக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி எழுதிட்டிருந்ததைப் பார்த்தேன்.

அடுத்த நாளே எல்லாத்தையும் மொட்டை மாடிக்கு ஏத்தி தார்ப்பாய் போட்டு மூடினேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. எங்களுக்குப் பக்கத்து ஊரான மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. தார்ப்பாய் எந்த மாடிக்குப் போச்சோ தெரியாது. போல்ட் எல்லாம் துரு, பெஞ்ச் ஸ்பாஞ்சில் பூஞ்சை. பழைய இரும்புக் கடைக்காரர் ஃபிரேமை மட்டும் எடைக்கு எடுத்துக்கிட்டார். பிளேட்டைத் தட்டிப் பார்த்துட்டு, "உள்ள சிமெண்ட்டு தம்பி, இதுக்கு யாரு காசு குடுப்பா?"ன்னார்.

அந்தச் சிமெண்ட்டில்தான் விஷயமே இருக்கு. மலிவான காம்போ பிளேட் பெரும்பாலும் பிவிசி ஓடு, உள்ளே கான்கிரீட் கலவை. கான்கிரீட்டின் அடர்த்தி தண்ணியைப் போல் இரண்டரை மடங்குக்குள். வார்ப்பிரும்பு ஏழு மடங்குக்கு மேல். அதாவது அதே 5 கிலோவுக்கு மூணு மடங்கு இடம். சின்ன ராடில் ரெண்டு பிளேட் மாட்டினதும் நட் போட இடம் இருக்காது. வெயிட் ஏத்த ஆசைப்பட்டாலும் ராடு விடாது. இடத்தை மிச்சம் பண்ணணும்னா முதல் முடிவு இரும்பு. காசு கூட ஆகும், ஆனா கிலோ கணக்கில் கிடைக்கிறதால மாசத்துக்கு ரெண்டு பிளேட்டா சேர்த்துக்கலாம். ஓட்டை அளவை மட்டும் பார்த்து வாங்குங்க. ஒலிம்பிக் பிளேட் ஓட்டை 50 மில்லிமீட்டர், வீட்டு ராடு 25-லிருந்து 30-க்குள். மாத்தி வாங்கினா பிளேட் லொடலொடன்னு ஆடும்.

டயலைத் திருப்பினா எடை மாறுற டம்பெல் பத்தி நிறைய பேர் கேட்கறாங்க. இடத்துக்கு அதை மிஞ்ச ஒண்ணும் இல்லை. ஒரு ஜோடியே பதினஞ்சு ஜோடி வேலை செய்யும். ஆனா 2025 ஜூனில் அமெரிக்காவில் போஃப்ளெக்ஸ் டம்பெல் சுமார் 38 லட்சம் திரும்பப் பெறப்பட்டது. தூக்கும்போதே பிளேட் கழன்று விழலாம் என்பதுதான் காரணம். முகத்துக்கு மேலே தூக்குற பொருளுக்குள்ள எவ்வளவு குறைவான பாகம் இருக்கோ அவ்வளவு நல்லது என்பது என் கட்சி. மரையும் ஸ்டார் நட்டும் போட்ட ராடு கேவலமாத்தான் இருக்கும், ஆனா நட் இறுகியிருக்கா இல்லையான்னு கண்ணால பார்க்கலாம்.

கதவு நிலையில் கொக்கி மாதிரி மாட்டுற புல்-அப் பாரை வீடியோவில் பார்த்து ஏமாறாதீங்க. அந்த ஊர் வீடுகளில் நிலையைச் சுத்தி வெளியே துருத்திக்கிட்டு ஒரு மரச்சட்டம் இருக்கும், பார் அதைப் பிடிச்சுக்கும். நம்ம நிலை பூச்சோட சமமா முடியுது. பிடிக்க ஒண்ணுமே இல்லை. நிலைக்கு நடுவில் திருகி இறுக்குறது வெறும் உராய்வில் நிற்கிற சமாச்சாரம். சுவரில் ஆங்கர் போல்ட் அடிக்கலாம்னா ஹவுஸ் ஓனர்கிட்ட யார் பேசறது?

பேண்டை நான் ரொம்ப நாள் மட்டமா நினைச்சேன். இழுக்க இழுக்கத்தான் விசை ஏறும் என்பதால் ஆரம்பத்தில் லேசாவும் கடைசியில் கனமாவும் இருக்கும்; டம்பெல்லுக்கு நேர் எதிர் அனுபவம். முதுகு வேலைக்கு, ஜன்னல் கம்பியில் மாட்டி இழுக்க, அதுக்கு ஈடே இல்லை. பாக்கெட் மேல போட்ட கிலோ முழுசா இழுத்தா வர்ற எண். அதை நம்பி பெருமைப்படாதீங்க. வெயிலில் போட்டா ரப்பர் வெடிச்சிடும்.

மாடி வீட்டுக்காரங்களுக்குத் தளம் தாங்குமான்னு பயம். ஐஎஸ் 875 வீட்டுத் தளத்துக்கு வைக்கிற லைவ் லோடு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், சுமார் 200 கிலோ. வெச்சிருக்கிற டம்பெல் ஒரு பொருட்டே இல்லை. போடுறதுதான் பிரச்சினை. 20 கிலோ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து 5 மில்லிமீட்டரில் நின்றால் சராசரி விசை 200 மடங்கு, அதாவது 4 டன் எடைக்குச் சமம். டைல்ஸ் போயிடும், கீழ்வீட்டு அத்தையும் மேலே வந்திடுவாங்க.

பழைய வழி இருக்கேன்னு கேட்கலாம். கர்லாக்கட்டை அருமையான பொருள், மூலையில் சாத்தி வைக்கலாம். ஆனா சுத்த ஒரு வட்டம் வேணும், மேலே ஃபேன் இருக்கு. தண்டாலுக்கும் பஸ்கிக்கும் இந்தக் கவலை கிடையாது. அரிசி சிப்பம் 26 கிலோ. கடைக்காரப் பையனை அனுப்பாம நீங்களே மாடிக்குத் தூக்கிட்டுப் போனா அதுவும் ஒரு செட்தான்.

இதிலெல்லாம் ஸ்குவாட் 100 கிலோ போட முடியாது, ஒத்துக்கறேன். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179 தூக்கித் தங்கம் வாங்கினார். அந்த ஆசை உங்களுக்கு இருந்தா ஹாலை விட்டுடுங்க, மேடையும் கோச்சும் இருக்கிற இடம் தேடுங்க. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு வாரம் மூணு நாள் நாப்பது நிமிஷம் போதும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது வாரத்துக்கு ரெண்டு நாளாவது தசைக்கு வேலை. அதில் வயசுப் பையன்கள்னு மட்டும் போடலை.

எங்க வீட்டில் அது மெதுவாத்தான் புரிஞ்சது. பெஞ்ச் இருந்தவரை அது "அவனோட சாமான்". இப்போ எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய தக்காளி டப்பாவில். சாயங்காலம் அம்மா அதை இழுத்து, இரண்டரை கிலோ பிளேட்டை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுந்திரிக்கிறாங்க. மாடிப்படி ஏறும்போது முன்ன மாதிரி கைப்பிடியைத் தேடுறதில்லை. தங்கச்சி இப்போ காலேஜ் போறாள். நீல பேண்டு அவளோடது, நான் தொட்டா சண்டை.

போன வாரம் ஸ்டார் நட் ஒண்ணு எங்கேயோ உருண்டு போயிடுச்சு, இன்னும் கிடைக்கலை. ராடு வாங்கும்போதே நட் ரெண்டு கூடுதலா வாங்கி வெச்சுக்குங்க.