ஏரி எங்கே, ஸார்?

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், மாணாக்கர்களின் விலாசங்களைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "முகப்பேர் ஏரித் திட்டம்" என்று தன் விலாசத்தைச் சொன்னான். எழுதி முடித்து நிமிர்ந்தேன், பையன் நகரவில்லை. "ஏரி எங்கே, ஸார்?" என்று கேட்டான். இருபது வருஷமாக உபாத்தியாயர் தொழில் பார்த்துவரும் எனக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. "நீ தூங்குகிற வீடு ஏரியின் மேல்தானப்பா இருக்கிறது" என்று ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

ஊர்கள் பலவிதமாக மாளும். காக்கஸஸ் மலைத்தொடரில் ஒஸ்ஸேத்தியர் என்னும் இனத்தார் கல்லால் கோபுரங்கள் எழுப்பி வாழ்ந்த கிராமங்கள் பல இன்று ஆளற்றுக் கிடக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாகவே அம்மக்கள் நிலமும் ஜீவனமும் தேடிச் சமவெளிக்கு இறங்கிவிட்டார்கள். நமது தனுஷ்கோடியை 1964-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்துப் புயல் ஓர் இரவில் கொண்டுபோயிற்று. அவ்விடங்களில் இடிந்த சுவராவது நின்று சாட்சி சொல்லுகிறது. சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் கிராமங்கள் மாண்ட விதம் வேறு. அங்கே ஜனங்கள் போனதால் ஊர் போயிற்று. இங்கே ஜனங்கள் வந்ததால் போயிற்று. சாட்சிக்கு விலாசத்தில் ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது.

செங்கற்பட்டுச் சீமையை ஏரிகளின் சீமை என்பார்கள். வருஷம் முழுவதும் ஓடும் ஆறு இல்லாத பூமி இது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையைக் கரை கட்டி நிறுத்தினால்தான் தை மாதத்தில் நெல்லைப் பார்க்கலாம். ஆகையால் நம் முன்னோர் தாழ்ந்த இடந்தோறும் ஏரி எடுத்தார்கள். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்தால், அந்நீர் கீழ் ஏரிக்குப் போகும். அம்பத்தூர் ஏரியின் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்வது இந்த முறையில்தான். ஓர் ஊரின் மிச்சம் அடுத்த ஊரின் வரவு.

இச்சீமையை 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கும்பினியார் பெற்றனர். பூந்தமல்லியும் இதில் அடங்கியதே. 1767 முதல் 1774 வரையில் தாமஸ் பர்னார்டு என்ற வெள்ளைக்காரர், ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அக்கணக்குகளுக்கு ஆதாரமான பனையோலைச் சுவடிகள் சில தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. காந்தியவாதியான தரம்பால் இவற்றை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துக் காட்டினார். களத்தில் நெல் குவிந்ததும், சர்க்காருக்கும் உழவனுக்கும் பங்கு பிரியுமுன்னரே, கோயிலுக்கு இவ்வளவு, வைத்தியனுக்கு இவ்வளவு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, குயவனுக்கு இவ்வளவு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வரிசையில் ஏரிக்கும் ஒரு பங்கு உண்டு! ஏரியும் ஊரில் ஒரு குடித்தனக்காரராகவே எண்ணப்பட்டது.

பழைய ஊர் சுவர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. கரையில் மண் சுமந்தவர்களில் பலருக்கு அந்த நீர் பாயும் வயலில் ஒரு குழி நிலமும் சொந்தமில்லை. செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-இல் அவர்களுடைய நிலைமையைப் பற்றி எழுதிய அறிக்கையைப் படித்தால் தலை குனிய வேண்டியிருக்கும். அதன் பின்னரே 1892-இல் பஞ்சமி நிலம் வழங்க உத்தரவாயிற்று. பழைய ஏற்பாட்டில் அநீதி இருந்தது. ஆனால் ஏரியைக் கவனிக்க ஆள் இருந்தது. அநீதியை நீக்கி ஆளை நிறுத்திக்கொள்வதே விவேகம். நாமோ ஆளை விட்டுவிட்டோம்.

முதல் அடி அந்நிய ஆட்சியில் விழுந்தது. ஊருக்குள் ஒதுக்கிய பங்குகள் பல வரியாகக் கஜானாவுக்குப் போயின. ஏரிகள் மராமத்து இலாகாவின் பொறுப்பாயின. கையில் பங்கு இல்லாதபோது குடிமராமத்துக்கு யார் வருவார்? 1858-இல் சென்னை ராஜதானியில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். தாமாகக் கூடி வந்த ஜனங்களைச் சட்டத்தால் கூட்ட நேர்ந்தது என்றால், ஊரின் நாடி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாம் அடி நமது கையாலேயே விழுந்தது. சுதந்தரத்துக்குப் பின் 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ மாதிரிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்தது. 1964-இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. 1965 டிசம்பரில் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா என்ற முதல் டாங்கி வெளிவந்தது. ஆங்கிலத்தில் ஏரிக்கும் போர் வண்டிக்கும் பெயர் ஒன்றுதான். ஒன்று வளர்ந்தது, மற்றொன்று தேய்ந்தது.

தொழிற்சாலைகளை நான் குறை கூறினால் நன்றி கெட்டவனாவேன். என் தகப்பனார் ஆலை வேலை தேடியே இவ்வூருக்கு வந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் பி.ஏ. படித்தேன். நான் குடியிருக்கும் மனை ஒரு காலத்தில் நெல் விளைந்த வயல். வயல் மனையானால் மடை எதற்கு? மடை வேண்டாதபோது வரத்துக் கால்வாயைத் தூர் எடுப்பவர் யார்? தூர்ந்த கால்வாயின்மேல் ஒருவர் சுவர் எழுப்புகிறார். மற்றொருவர் அதில் சாக்கடையைத் திருப்புகிறார். ஏரியைக் கொன்றவர் யார் என்று கேட்டால், யாரையும் சுட்டிக் காட்ட முடியாது. நானும் ஒருவன்.

மறந்த கணக்கு ஒருநாள் வட்டியோடு வந்து நிற்கும் அல்லவா? 2015 டிசம்பர் மழையில் கொரட்டூரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு போயிற்று. நான்கே வருஷம் கழித்து, 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் குடிநீர் வந்தது. ஐம்பது வாகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர். அந்த ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குப் போட்ட பாதையின் வழியே, ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்து சென்றது. ஏரிகளின் சீமைக்கு நடுவே தண்ணீர் வண்டி ஓடிற்று! இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது; 2019-இல் ஆவடியே ஒரு மாநகராட்சியாயிற்று. பழைய கிராமம் திரும்பி வராது; வரவும் வேண்டாம். ஆனால் அதன் ஏரிகளில் சில இன்னும் பிழைத்திருக்கின்றன. கொரட்டூர் வாசிகள் ஒன்றுகூடி, தங்கள் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்கப் பசுமைத் தீர்ப்பாயம் வரையில் சென்றார்கள். ஒரு குழி வயலும் இல்லாத குடும்பத்தார் ஏரிக்காக வாதாடினார்கள் என்றால், குடிமராமத்து வேறு உருவத்தில் மீண்டும் பிறந்திருக்கிறது என்றே கொள்கிறேன்.

அந்தப் பையனுக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனையும் அவன் தோழர்களையும், பெற்றோர் சம்மதத்துடன், அம்பத்தூர் ஏரிக்கரைக்கு அழைத்துப்போக உத்தேசம். கலங்கலைக் காட்டி, நீர் எவ்வழியே போகும் என்று அவர்களையே கேட்கப் போகிறேன். வாசக நேயர்களே, உங்கள் தெரு மழைநீர் எந்த ஏரிக்குப் போகிறது? ஐப்பசி பிறக்குமுன் குழந்தைகளுடன் ஒருமுறை நடந்து பார்த்து வாருங்கள். வழியில் அடைப்பு எங்கே என்று கண்ணில் படும். அந்த அடைப்பில் நமது வீட்டுச் சுவரும் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்வோம்.