வலியை முந்தும் சிஸ்டர்

"இப்பவே மாத்திரையைக் கொடுத்துப் பழக்கிட்டா, கடைசியில வேலை செய்யாதே!"

புற்றுநோய் முற்றியவர் இருக்கும் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால், பல்லைக் கடித்துப் பொறுத்திருந்து, அவர் அலறும்போதுதான் மாத்திரை வருகிறது. அந்த வலியை அடக்க அதற்குள் ரொம்பவே பாடுபட வேண்டியிருக்கும்.

வலிக்கு முன்பே மருந்து போய்ச் சேர வேண்டும். லண்டன் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையின் செவிலியர்கள் இதை அந்தக் காலத்திலேயே நடைமுறையில் வைத்திருந்தார்கள். கடிகாரம் பார்த்து, குறித்த நேரத்துக்கு மார்ஃபின் கொடுத்தார்கள். 1948-ல் அங்கே தொண்டு செய்யப் போன சிசிலி சாண்டர்ஸ் அதைக் கண்டு வியந்தார். அவரும் நர்ஸிங் படித்தவர்தான். முதுகுவலியால் அந்த வேலையை விட்டவர்.

இதை எல்லா நோயாளிகளுக்கும் கொண்டுபோக நினைத்தார். 'நர்ஸ் சொன்னால் யார் கேட்பார்கள்? டாக்டராகிவிட்டு வா' என்கிற ரீதியில் அறிவுரை சொன்னார், உடன் பணியாற்றிய அறுவை சிகிச்சை நிபுணர். சிசிலி 33 வயதில் மருத்துவம் படிக்கப் போனார், 1957-ல் டாக்டரானார். 1967-ல் அவர் லண்டனில் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ்தான், இன்றைய 'பாலியேட்டிவ் கேர்' என்கிற நோய் ஆதரவு சிகிச்சைக்கு முன்மாதிரி.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இந்தச் சிகிச்சைக்கான செவிலியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். படுக்கைப்புண்ணுக்கு மருந்து போடுவது, சிறுநீர்க் குழாயைப் பராமரிப்பது, படுத்திருப்பவரை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று வீட்டாருக்குக் கற்றுத்தருவது எல்லாம் அவர்கள் வேலை. 'வலிக்கு பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?' என்று நோயாளியிடமே கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். டாக்டர் மருந்தின் அளவை மாற்றுவதற்கு அந்தக் குறிப்பு உதவும்.

மாத்திரை பற்றிய பயத்தையும் சிஸ்டரிடமே கேட்டுவிடலாம். டாக்டர் சொன்ன அளவில் வலிக்காகக் கொடுக்கும் மார்ஃபினால் போதைக்கு அடிமையாவது அபூர்வம். வலி கூடினால் டாக்டர் அளவைக் கூட்டிக் கொடுப்பார். கடைசிக்கென்று சேமித்து வைக்கத் தேவையில்லை. மலச்சிக்கல் வரும்; அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள்.

சிஸ்டர் வரும் நாளில், 'பரவாயில்லை, இருக்கார்' என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். ராத்திரி எத்தனை தடவை விழித்தார், எப்போது முனகினார், எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது... எல்லாவற்றையும் சொல்லுங்கள். அன்று இரவு அவர் நிம்மதியாகத் தூங்க அது உதவும்.