ஓடும் டிரம்முக்கு கிரீஸ் அடிக்காதீர்கள்

போன வாரம் ஒரு கல்யாணத்தில் பழைய டேனரி நண்பர் ஒருவர், "இப்போ வர்ற பேரிங்குல தரமே இல்லைப்பா, ஆறு மாசத்துல போயிடுது" என்றார். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். போலிச் சரக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் கழற்றிப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை தானாகச் சாகவில்லை. நாம் கொன்றவை.

தோலும் தண்ணீருமாகப் பல டன் பாரம். அதை இரண்டு பக்கத்து பிளம்மர் பிளாக்கும் தாங்க வேண்டும். மேலே உப்புத் தண்ணீரும் சுண்ணாம்பும் சல்பைடும் தெறிக்கும். இங்கே கிரீஸின் வேலை வழுக்க வைப்பது மட்டுமல்ல, தண்ணீரை உள்ளே விடாமல் காப்பதும்தான். நிமிஷத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டார் பேரிங்கில் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கிரீஸ் போதும், அதிகமானால் சூடேறும். பத்துப் பன்னிரண்டு சுற்று ஓடும் டிரம்முக்கு நிறைத்தே வைக்கலாம். நம் ஆட்கள் செய்வது தலைகீழ்: மோட்டாரில் வழிய வழிய, டிரம்மில் காய்ந்துபோய். நிப்பிளைத் துடைக்காமல் கன்னை வைத்தால் அதிலுள்ள சுண்ணாம்பும் மண்ணும் உள்ளே போகும். லித்தியம் கிரீஸ் இருக்கும் இடத்தில் கைக்குக் கிடைத்த வேறு ரகத்தை அடித்தால், சில சமயம் இரண்டும் சேர்ந்து இளகி ஒழுகிவிடும்.

இதெல்லாம் பணத்தோடு போகும். அடுத்தது அப்படியல்ல.

"டிரம்மை நிறுத்தாதே, ஓடும்போதே அடி." இந்த உத்தரவை வாங்கியிருக்கிறேன். ஒரு ஹெல்பர் பையனுக்கு நானே கொடுத்துமிருக்கிறேன். அவன் சட்டைக் கையைப் பல்சக்கரம் இழுத்தது. இரண்டு விரல் போயிற்று. ரிப்போர்ட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

ஓடும் இயந்திரத்தில் எண்ணெய், கிரீஸ் போட வேண்டி வந்தால், தனிப்பயிற்சி பெற்ற ஆள் இறுக்கமான உடையில்தான் போட வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவே சொல்லியிருந்தது. அந்தப் பையனுக்கு இரண்டுமே இல்லை.

"சுற்றும்போது அடித்தால்தானே கிரீஸ் பரவும்?" என்பார்கள். நிறுத்தி அடித்து, ஆள் விலகியபின் ஓட விட்டாலும் பரவும். நிறுத்தவே முடியாதென்றால் ஒரு செப்புக் குழாய் இழுத்து நிப்பிளைக் கம்பி வேலிக்கு வெளியே கொண்டுவாருங்கள். அரை நாள் வேலை. அந்த அரை நாளை அன்று நான் கேட்டு வாங்கவில்லை.

இன்று கிரீஸ் கன் பிடிக்கும் தம்பிகளே, நீங்கள் கேளுங்கள். பேரிங் கடையில் கிடைக்கும்.