மூக்குக்கும் சர்க்கரைக்கும் என்ன உறவு?

நல்ல பசியோடு டீக்கடையைக் கடக்கும்போது பஜ்ஜி வாசனை ஆளை நிறுத்திவிடுகிறது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதும் அதே கடை, அதே பஜ்ஜிதான். ஆனால் மூக்கு கண்டுகொள்வதில்லை. இது வெறும் மனப்பிரமை அல்ல. ரத்தத்தில் ஓடும் ஹார்மோன்களுக்கும் இதில் பங்குண்டு.

மூக்குக்கு மேலே, மூளையின் அடிப்புறத்தில் இருக்கிறது நுகர்ச்சிக் குமிழ். வாசனைச் செய்தி மூளையில் முதலில் வந்து சேரும் இடம் அதுதான். மூளையில் இன்சுலின் ஏற்பிகள் மிக அடர்த்தியாக உள்ள பகுதிகளில் இதுவும் ஒன்று. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் மோப்பத்தைத் தீட்டுகிறது. உணவுக்குப் பின் ஏறும் இன்சுலின் அதை மழுக்குகிறது.

மூக்கும் உடலுக்கு உத்தரவு போடுகிறதா? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆண்ட்ரூ டில்லின் குழுவினர் சுண்டெலிகளை வைத்துச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். கொழுப்பு மிகுந்த தீனியைத் தின்ற சாதாரண எலிகள் சுமார் 60 கிராம் வரை பருத்தன. மோப்ப சக்தி நீக்கப்பட்டவை, ஏறக்குறைய அதே அளவு தின்றும், 33 கிராமைத் தாண்டவில்லை. அவற்றின் உடல் கொழுப்பை எரித்துத் தள்ளியது.

இதைப் படித்துவிட்டு யாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு இளைக்கக் கிளம்ப வேண்டாம். அந்த எலிகளுக்கு நார்அட்ரினலின் எக்கச்சக்கமாக ஏறியது; அது இதயத்துக்கு ஆகாது. மனிதர்கள் கதையும் வேறு. வாசனை போனதும் சிலர் சாப்பாட்டைக் குறைத்து மெலிகிறார்கள். வேறு சிலர் ருசியைத் தேடி உப்பு, சர்க்கரை, எண்ணெய் என்று கூட்டிக்கொண்டே போகிறார்கள். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்களுக்கு இது ஆபத்து.

மோப்பக் குறைவு அபூர்வமும் அல்ல. அமெரிக்காவில் 2013-14-ல் நடந்த தேசிய ஆய்வில், 40 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு அது இருந்தது. சர்க்கரை நோயாளிகளிடம் இது அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எது காரணம், எது விளைவு என்பது இன்னும் தீராத வழக்கு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து, 2023-ல் வெளியான ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். கண், பாதம், சிறுநீரகம் எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்கிறார்கள். மூக்கைப் பற்றிக் கேட்பவர் அரிது. நோயாளிக்கே தெரிவதில்லை. "சமையலில் ருசியே இல்லை" என்று சமைத்தவர் மீது பழி போட்டுவிடுகிறார்.

அப்படிப்பட்டவரைக் கண்ணை மூடச் சொல்லி, காபிப் பொடி டப்பாவை மூக்கருகே நீட்டிப் பாருங்கள். வாசனை தெரியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். சளி, மூக்கில் சதை வளர்ச்சி, கோவிட், நரம்புக் கோளாறு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு வாசனைகளைத் தினம் இரு வேளை, 12 வாரம் முகரும் பயிற்சி சிலருக்குப் பலன் தந்ததாக 2009-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் மருத்துவர்கள் தெரிவித்தார்கள்.

அதுவரை சமையல் அறையில் கவனம் தேவை. கேஸ் கசிவைக் காட்டிக்கொடுக்கத்தான் அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். மூக்கு வேலை செய்யாதவருக்கு அந்த எச்சரிக்கை எட்டாது.