குளிர் வேறு, காற்று வேறு

ஏர்கோன் ஓடினால் நல்ல ஆஸ்பத்திரி. உயர்ந்த கூரை, நீண்ட வராந்தா, திறந்த சன்னல் என்றிருந்தால் ஏழைக்குக் கட்டிய பழங்கட்டடம். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டத்தை விட்டு வெளியேறிய நம்மவர்களிடம் வேரூன்றிவிட்ட எண்ணம் இது. தவறான எண்ணம், ஆபத்தானதும்கூட.

அதன் பின்னால் உள்ள கசப்பு நியாயமானது. தோட்ட ஆஸ்பத்திரி என்றால் ஒரு டிரெஸரும் நாலு மாத்திரையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் குறைக்குக் காரணம் நிர்வாகத்தின் கஞ்சத்தனம், சன்னல் அல்ல.

சுவரில் மாட்டும் ஏர்கோன் வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருப்பதையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப ஊதுகிறது. காசநோயுள்ள ஒருவர் இருமினால், காத்திருப்போர் அனைவரும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

பெரு நாட்டின் லீமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் காற்றோட்டத்தை அளந்த ஆய்வு 2007இல் வெளியானது. கதவு சன்னல்களைத் திறந்தபோது, 1950க்கு முன் கட்டிய உயர்கூரை அறைகளில் மணிக்கு 40 முறை காற்று மாறியது. புதிய கட்டடங்களில் 17 முறைதான். சிகிச்சை பெறாத காசநோயாளிகளுடன் 24 மணி நேரம் இருந்தால் எத்தனை பேருக்குத் தொற்றும் என்றும் கணக்கிட்டார்கள். இயந்திரக் காற்றோட்ட அறையில் 39 விழுக்காடு. பழைய அறையில் 11. மருத்துவமனைகளில் இயற்கைக் காற்றோட்டத்துக்கென்றே உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வழிகாட்டி வெளியிட்டது.

நமக்கும் இது புதிதல்ல. கோலா சிலாங்கூர் போகும் வழியில், சுங்கை பூலோவில் 1930இல் திறந்த தொழுநோயாளர் குடியிருப்பைச் சிறைபோல் அடைக்காமல், தோட்டநகராக, மரங்களுக்கிடையே சிறு வீடுகளாக அமைத்தார்கள். நோயாளி வாழும் இடமும் மருத்துவத்தில் சேரும் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள். அதன் ஒரு பகுதியை 2007இல் இடிக்கத் தொடங்கியபோது, பழசுதானே என்று பலரும் பேசாமல் இருந்துவிட்டோம்.

வெக்கைக்கும் கொசுவுக்கும் என்ன செய்வது என்பீர்கள். அகன்ற தாழ்வாரம், கம்பிவலை, மின்விசிறி போதும். அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கு இயந்திரக் காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். புகைமூட்ட நாளில் சன்னலை மூடத்தான் வேண்டும். அந்த விதிவிலக்குகளைக் காட்டி, ஆண்டு முழுவதும் காத்திருப்புக் கூடத்தை அடைத்துவைப்பதில் அர்த்தமில்லை.

உங்கள் ஊர் கிளினிக்குக்கு ஏர்கோன் வாங்கித் தருவதாக எந்த அரசியல்வாதி வந்து சொன்னாலும், கைதட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: சன்னல் திறக்குமா?