சீக்குக் கோழியை விற்கலாமா?

புளியங்குடி என்றதும் எலுமிச்சம்பழம்தான் நினைவுக்கு வரும். ஆனால், அந்த வட்டாரத்தில் ஏழைப் பெண்களின் கைச்செலவுக்கு உதவுவது, கொல்லையில் மேயும் நாலைந்து கோழிகள். முட்டை விற்ற காசு பிள்ளையின் நோட்டுப் புத்தகம் ஆகும். சேவல் விற்ற பணம் பண்டிகைத் துணி ஆகும்.

இந்தச் சேமிப்பைச் சில நாட்களில் அழித்துவிடும் நோய் ஒன்று உண்டு. அதுதான் வெள்ளைக் கழிச்சல்!

இதற்கு ராணிக்கெட் நோய் என்றும் பெயர். இமயமலைப் பகுதியில் உள்ள ராணிக்கெட் என்ற ஊரில் 1927-ம் ஆண்டு இந்த நோய் காணப்பட்டது. அதனால் அந்தப் பெயர் வந்தது.

நோய் கண்ட கோழி இரை எடுக்காது. இறக்கையைத் தொங்கவிட்டு, ஒரு மூலையில் தூங்கி வழியும். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சில கோழிகளுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும்.

உடனே வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

"செத்தால் முழு நஷ்டம். விற்றால் பாதி விலையாவது கிடைக்குமே!"

ஏழையின் கவலை நியாயமானதுதான். ஆனால், அந்த வழி தவறு. சீக்குக் கோழி சந்தைக்குப் போனால், நோயும் கூடவே போகிறது. வாங்கியவர் வீட்டுக் கோழிகள் சாகின்றன. அவரும் ஓர் ஏழைதான்! செத்த கோழியை ஓடையில் எறிந்தாலும் இதே கதிதான். நாயும் காக்கையும் இழுத்துப்போய், தெருவெல்லாம் நோயைப் பரப்பும்.

சீக்குக் கோழியைத் தனியாகப் பஞ்சாரத்தில் அடைக்க வேண்டும். கால்நடை மருந்தகத்தில் சொல்ல வேண்டும். பல கோழிகள் திடீரென்று செத்தால், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். ஆகையால் அவற்றைத் தொடாமல் உடனே தகவல் கொடுக்க வேண்டும். கழிச்சலில் செத்ததை ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியே வைக்க வேண்டும்.

வெள்ளைக் கழிச்சலைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வராமல் தடுக்கத்தான் மருந்து உண்டு. குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து. எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கு அடியில் தடுப்பூசி. கோடைக்கு முன்பு, பிப்ரவரியில், கால்நடை பராமரிப்புத் துறை இலவச முகாம் நடத்துவது வழக்கம்.

ஒரு வீட்டில் மட்டும் ஊசி போட்டால் போதாது. கோழிக்கு வேலி தெரியாது. முகாம் நாளன்று தெருவில் உள்ள எல்லோரும் கோழிகளைக் கொண்டுபோக வேண்டும். அடுத்த வீட்டுக்காரிக்கும் முதல் நாளே சொல்லி வைப்பது நல்லது!