வேகமும் வழக்கமும்

ஜேர்மனியில் வாழும் உறவினர் ஒருவரேனும் இல்லாத தமிழ்க் குடும்பங்கள் இன்று நம் நாட்டில் குறைவு. விடுமுறைக்கு வந்து திரும்பும் அன்னார், "அங்கே வேகத்துக்கு எல்லையே கிடையாது" என்று சொல்லிச் செல்ல, நம் மாணவர் அதனை வேதவாக்காகக் கொள்கின்றனர். நாளை அங்கே படிக்கச் சென்று சாரதி ஆசனத்தில் அமரப் போகின்றவர்களும் இவர்களே. ஆதலின் இதனைச் சற்று விளக்குதல் நம் கடன்.

ஓட்டோபான் எனப்படும் பெருஞ்சாலைகளில் பொது வேக எல்லை இல்லை என்பது மெய்யே. எனினும் எல்லை குறிக்கப்பட்ட பகுதிகள் பல உள. ஏனைய இடங்களுக்கு, மணிக்கு 130 கிலோமீற்றர் என்னும் பரிந்துரை 1978 முதல் உண்டு. அதனை மீறினால் தண்டமில்லை. ஆனால் விபத்து நேரின், வேறு பிழை செய்யாத சாரதியும் நட்டத்தில் பங்கேற்க வேண்டி வரலாம் என 1992இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ணெய் நெருக்கடியின்போது, 1973 நவெம்பரில், 100 கிலோமீற்றர் எல்லை விதித்துப் பார்த்தார்கள். மறு மார்ச்சிலேயே அது நீங்கிற்று.

பிரித்தானியாவின் எம்-1 நெடுஞ்சாலையும் 1959இல் எல்லையின்றியே திறக்கப்பட்டது. 1965 டிசெம்பரில் 70 மைல் எல்லை சோதனையாக வந்தது. 1967இல் அதை நிரந்தரமாக்கிய அமைச்சர் பார்பரா காஸிலுக்குக் காரோட்டவே தெரியாது! அதனால் அவர் விதித்த எல்லை பிழையாகிவிடவில்லை.

எழுதிய சட்டத்தைப் படித்துவிடலாம். எழுதாத வழக்கமே இடர் தருவது. முன்விளக்கை மினுக்குவதை எடுத்துக்கொள்வோம். ஜேர்மனியில் நகருக்கு வெளியே, 'முந்தப் போகிறேன்' என்று அறிவிக்கச் சட்டமே அதற்கு இடமளிக்கிறது. இங்கிலாந்திலோ, 'நீர் முதலிற் செல்லும்' என்னும் உபசாரமாகவே பலர் அதனைச் செய்வர். உபசாரம் என்றெண்ணி இடப்புறத் தடத்திலே புகுந்தவன் கதி யாதாகும்? மணிக்கு 200 கிலோமீற்றரில் வரும் கார் ஒரு விநாடியில் 55 மீற்றரைக் கடந்துவிடும். 'பிரேக்' பிடித்த பின் அது நிற்க வேண்டிய தூரமோ, 100 கிலோமீற்றரில் வருவதைப்போல் நான்கு மடங்கு. பௌதிகம் பயிலும் மாணவர் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

அயல்நாடாகிய நெதர்லாந்தில் 2020 மார்ச் முதல், நைதரசன் மாசைக் குறைக்கும் பொருட்டு, பகல் வேளையில் 100 கிலோமீற்றரே எல்லை. ஜேர்மனியிலே பறந்து வந்த அதே சாரதி, எல்லையைத் தாண்டியதும் தன் காலைத் தளர்த்திக்கொள்கிறான்.